முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் தீர்ப்பின் தமிழும்: சோழமண்டலக் கரையில் ஒரு நீதித்துறைப் பணிவாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழின் முதல் புதின ஆசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர் ஆங்கில அரசின் நீதித்துறையில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பணியாற்றியமை அவருடைய வரலாற்றில் ஒரு பின்னணிச் செய்தியாகவே குறிக்கப்படுகிறது. ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர், முன்சீப் என்னும் மூன்று படிகளில் அமைந்த அப்பணியே அவருடைய உரைநடைக்கும் மொழிக்கொள்கைக்கும் அடித்தளம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவருடைய படைப்புகளுள் மிகக் குறைவாகப் பேசப்படும் ‘சித்தாந்த சங்கிரகம்’ இவ்வாய்வின் மையமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: வேதநாயகம் பிள்ளை, சித்தாந்த சங்கிரகம், முன்சீப், சதர் அதாலத்து, தரங்கம்பாடி, காரைக்கால், நீதிமன்றத் தமிழ்

1. முன்னுரை

காரைக்கால் நகரை அடுத்துள்ள தருமபுரம், திருஞானசம்பந்தரின் யாழ்மூரிப் பதிகத்தால் தமிழுலகு அறிந்த தலம். அங்கிருந்து வடக்கே கடற்கரையை ஒட்டிச் சென்றால் சிறிது தொலைவில் தரங்கம்பாடி வருகிறது. வடமேற்கே சென்றால் மாயூரமும், அதனை ஒட்டி ஆதீனத்தால் புகழ்பெற்ற மற்றொரு தருமபுரமும் உள்ளன. ஒரே ஆற்று நீர் பாயும், ஒரே மொழி பேசும் இச்சிறு நிலப்பரப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூன்று ஐரோப்பிய அரசுகளின் நீதிமுறைகள் அருகருகே இயங்கின. தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் வசமும், காரைக்கால் 1739 முதல், இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, பிரெஞ்சியர் வசமும் இருந்தன. சூழ்ந்திருந்த தஞ்சைச் சீமை 1799இல் ஆங்கிலக் கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. 1845இல் டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களைக் கும்பினிக்கு விற்றபோது தரங்கம்பாடியும் ஆங்கில நீதிமுறைக்குள் வந்தது.

எந்தக் கொடியின்கீழ் வாழ்ந்தாலும் இப்பகுதிக் குடியானவருக்கு ஒரு சிக்கல் பொதுவாக இருந்தது. வழக்கைத் தொடுப்பவர் தமிழர். சாட்சி சொல்பவர் தமிழர். தீர்ப்பின் விளைவைச் சுமப்பவரும் தமிழர். ஆயினும் தீர்ப்பை ஆளும் விதி அவர்கள் அறியாத மொழியில் இருந்தது. இச்சிக்கலை நீதிமன்றத்தின் உள்ளேயிருந்து கண்டு, அதற்கு எழுத்தால் விடை தேடிய முதல் அதிகாரிகளுள் ஒருவர் வேதநாயகம் பிள்ளை.

2. பணிவாழ்வின் படிகள்

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார். அவர் ஆங்கிலம் கற்றது நீதிமன்ற மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரிடம் என்பது இங்குக் கருதத்தக்கது. 1848இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, 1850இல் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

அக்காலத்து நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் பணி எளிதன்று. பிராது, மறுமொழி, சாட்சி வாக்குமூலம், ஓலை ஆவணம் ஆகியன தமிழில் இருக்கும். மேல்நிலை நீதிபதி ஆங்கிலேயர். வட்டார வழக்கில் ஒரு சாட்சி கூறிய சொல் எந்த ஆங்கிலச் சொல்லாகப் பதிவாகிறதோ, அதைப் பற்றியே நிலமும் கடனும் வாரிசுரிமையும் முடிவாகும். சொல் தவறினால் உரிமை தவறும். ஒரு சொல்லுக்குரிய எல்லையைத் துல்லியமாக வரையும் பழக்கம் வேதநாயகருக்கு இவ்விருக்கையில் கைவந்திருத்தல் வேண்டும்.

1857இல் அவர் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அப்பதவியை வகித்தார். தரங்கம்பாடி அப்போது ஆங்கில ஆட்சிக்கு வந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. தஞ்சை மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமும் 1860 வரை அங்கேயே இருந்தது. சீர்காழியில் இருந்தபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு அவர் கொண்ட நட்பின் பயனாகச் ‘சீகாழிக் கோவை’ உருவாயிற்று. பின்னர் மகாவித்துவான் வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்துக் கோவை’ பாடினார். மாயூரத்தில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் பணியாற்றி 1872இல் ஓய்வு பெற்றார். ஊரின் பெயரே அவருடைய பெயரின் முன்னொட்டானது இந்நீண்ட பணியால்தான்.

முன்சீப் என்பது 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களால் சென்னை மாகாணத்தில் விரிவாக்கப்பட்ட பதவி. இந்நாட்டவர் அமர்ந்த நீதிபதி இருக்கைகளுள் மக்களுக்கு மிக அணுக்கமாக இருந்தது இதுவே. மாவட்ட நீதிபதி முதலிய மேற்பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியரிடமே இருந்தன. தஞ்சைப் பகுதியில் முன்சீப்பாகத் தொடங்கிய தி. முத்துசாமி ஐயர் 1870களின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனமை அத்தலைமுறையின் அரிய விதிவிலக்கு. வேதநாயகர் முன்சீப் பதவியிலேயே ஓய்வு பெற்றார். எனினும் தாம் இருந்த படியிலிருந்தே மேல்மன்றத்தின் தீர்ப்புகளைக் கீழுள்ள மக்களுக்குக் கொண்டுசெல்லும் பணியை அவர் மேற்கொண்டார்.

3. சட்டம் மாறிய பதினைந்து ஆண்டுகள்

வேதநாயகர் முன்சீப்பாக இருந்த 1857–1872 காலம், இந்தியச் சட்ட வரலாற்றில் மிகப் பெரிய மாற்றங்கள் நிகழ்ந்த காலமாகும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1859இலும், தண்டனைச் சட்டம் 1860இலும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861இலும் இயற்றப்பட்டன. 1862இல் சதர் அதாலத்தும் உச்ச மன்றமும் ஒன்றிணைந்து சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. சாட்சியச் சட்டம் வந்த 1872ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார்.

இவற்றுள் 1864ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. அதுவரை நீதிமன்றங்களில் இந்து, முசுலீம் சட்ட அலுவலர்கள் இருந்தனர். வாரிசுரிமை, தத்து, பாகப்பிரிவினை முதலியவற்றில் சாத்திரம் கூறுவது யாது என நீதிபதி வினவினால் பண்டிதர் விடையளிப்பார். அச்சட்டம் இப்பதவிகளை ஒழித்தது. அதன் பின்னர் முன்னைத் தீர்ப்புகளே பெருமளவில் சட்டத்தின் இடத்தைப் பெற்றன. அத்தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன.

எல்லைக்கு அப்பால் காரைக்காலில் வேறொரு முறை நிலவியது. இந்தியரை அவரவர் சாதி வழக்காறுகளின்படியே விசாரிக்க வேண்டும் என்னும் விதியை 1819ஆம் ஆண்டின் ஆணை பிரெஞ்சுப் பகுதிகளில் உறுதிப்படுத்தியது. வழக்காறு எது என்று நீதிமன்றத்துக்கு அறிவுரை கூற, இந்தியர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று 1827இல் புதுச்சேரியில் அமைக்கப்பட்டது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்பியோர் தம் வழக்காற்று நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. ஆங்கிலப் பகுதியில் உயிருள்ள பண்டிதரின் இடத்தை அச்சிட்ட முன்தீர்ப்பு பிடித்துக்கொண்டபோது, பிரெஞ்சுப் பகுதியில் உள்ளூரார் வாய்மொழிக்கு மன்றத்தில் ஓரிடம் எஞ்சியிருந்தது.

இவ்வேறுபாட்டின் பொருள் தெளிவானது. முன்தீர்ப்பே சட்டமாகும் நாட்டில், முன்தீர்ப்பை வாசிக்க இயலாதவர் சட்டத்துக்குப் புறத்தே நிற்பவராகிறார்.

4. சித்தாந்த சங்கிரகம்: நோக்கும் இடமும்

மேற்கண்ட பின்னணியில்தான் 1862இல் வெளியான ‘சித்தாந்த சங்கிரக’த்தை மதிப்பிட வேண்டும். 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத்துத் தீர்ப்புகளை வேதநாயகர் தமிழில் பெயர்த்துத் தொகுத்தார். தொடர்ந்து 1862, 1863ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளையும் தமிழில் வெளியிட்டார். சட்ட அலுவலர் பதவிகள் ஒழிக்கப்படுவதற்கு ஈராண்டு முன்னரே இந்நூல் வந்துவிட்டது. முன்தீர்ப்பின் ஆட்சி முழுமை பெறுமுன் அதனைத் தமிழில் எட்டச் செய்த முயற்சி இது.

தமிழில் சட்ட நூல் அதற்கு முன்னர் இல்லாமல் இல்லை. 1812இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் சூழலில் மதுரைக் கந்தசாமிப் புலவர் இயற்றிய ‘விவகார சார சங்கிரகம்’ 1826இல் அச்சானது. ஆயின் இரு நூல்களுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. கந்தசாமிப் புலவரின் நூல் தருமசாத்திரத்தின் விவகாரப் பகுதியைத் தமிழாக்கியது. அதன் அதிகாரம் வடமொழி நூலிலிருந்து பிறக்கிறது. வேதநாயகரின் நூல் நடப்பு மன்றத்தின் முடிவுகளைத் தமிழாக்கியது; அதன் அதிகாரம் மன்றத்திலிருந்து பிறக்கிறது. முன்னது சாத்திரம் கூறுவதைத் தெரிவிக்கிறது. பின்னது மன்றம் உண்மையில் செய்ததைத் தெரிவிக்கிறது. வழக்காடுபவருக்கு உடனடியாக வேண்டியது பின்னதே.

நூற்பெயரும் ஆராயத்தக்கது. சித்தாந்தம் என்னும் சொல் வாதங்களை ஆய்ந்து நிறுவிய முடிந்த முடிபைக் குறிக்கும். சைவ ஆதீனங்கள் சூழ்ந்த மாயூர வட்டாரத்தில் அச்சொல்லின் கனம் அனைவரும் அறிந்தது. அச்சொல்லை வேதநாயகர் நீதிமன்ற முடிவுக்கு ஆளும்போது, தீர்ப்பு என்பது மேலதிகாரியின் கட்டளை என்ற நிலையிலிருந்து விலகி, இருதரப்பு வாதத்தின் வழியே எட்டிய முடிபு என்ற பொருளைப் பெறுகிறது. கட்டளைக்குப் பணியலாம்; முடிபை ஆராயலாம். இப்பெயர்த் தெரிவு அறிந்தே செய்யப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து.

அவர் கையாண்ட களத்தின் மொழிநிலையையும் நோக்குதல் வேண்டும். அக்கால நீதிமன்றத் தமிழ் மூன்று அடுக்குகளைக் கொண்டது. பிராது, தாவா, வக்கீல், ஜப்தி, ஜாமீன், அமீனா ஆகியன பாரசீக, அரபு வழியில் வந்தவை. வாதி, பிரதிவாதி, சாட்சி, நியாயம், தத்து ஆகியன வடமொழி வழியின. கோர்ட்டு, அப்பீல், டிக்கிரி, சம்மன் ஆகியன ஆங்கில வழியின. நிலம், நீர்ப்பாசனம், உறவுமுறை, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றுக்கான நாட்டுச் சொற்கள் இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக இருந்தன. இவ்வடுக்குகளை இணைத்து, காரண காரியத் தொடர்பு குலையாத உரைநடை வாக்கியத்தை அமைப்பது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் அன்றாடக் கடமை. ஒரு தீர்ப்பில் நிகழ்வு உரைக்கப்படுகிறது; இருதரப்பு வாதமும் எடுத்துக்காட்டப்படுகிறது; காரணம் கூறப்படுகிறது; முடிவு சொல்லப்படுகிறது. செய்யுள் மேலோங்கியிருந்த காலத்தில் இத்தகைய உரைநடைப் பயிற்சிக்கு நீதிமன்றம் ஒரு பள்ளியாக விளங்கியது.

5. நீதிநூலிலிருந்து புதினத்திற்கு

1859இல் வெளிவந்த ‘நீதிநூல்’ அறநூல் மரபின் வழியில் செய்யுளாக அமைந்தது. அரசியல்பு, குடிகளியல்பு முதலிய மரபுப் பொருள்களோடு கைக்கூலிக்கும் அதில் தனியிடம் உண்டு. பழைய அறநூல்களில் நீதி வழங்குபவர் பெரும்பாலும் அரசரே. வேதநாயகரின் காலத்தில் நீதி சம்பளம் பெறும் அலுவலரின் கைக்கு மாறிவிட்டது. கைக்கூலியைக் கண்டிக்கும் அவருடைய பாடல்களை, அந்த அலுவலர் கூட்டத்தின் உள்ளிருந்து ஒருவர் எழுப்பிய குரலாகக் கொள்வதே பொருந்தும். மாதரைப் படிப்பித்தல் குறித்த பகுதியும், பின்னர் எழுதிய ‘பெண்மதிமாலை’யும் அவருடைய சீர்திருத்த நோக்கின் மற்றொரு முகத்தைக் காட்டுவன.

ஓய்வு பெற்று ஏழாண்டுகளுக்குப் பின் 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியாயிற்று. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைப் போக்குவதே தம் நோக்கம் என அதன் முன்னுரையில் ஆசிரியர் குறிப்பிடுகிறார். பணிவாழ்வின் தடம் இப்புதினத்தில் இரண்டிடங்களில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

முதலாவது, விக்கிரமபுரிச் செருப்புத் தொழிலாளி வழக்கு. செருப்பைச் செப்பனிட்டுத் தந்தால் மனம் மகிழும்படி செய்வதாகப் பிரதாப முதலியார் வாக்களிக்கிறார். வேலை முடிந்ததும் எவ்வளவு கொடுத்தாலும் தனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை என்று அத்தொழிலாளி வழக்காடுகிறார். பிரதாபர் சிறைப்பட நேர்கிறது. ஆண்வேடத்தில் அந்நாட்டுக்கு அரசராகும் ஞானாம்பாள், தாம் அரசரானதில் மகிழ்ச்சியா என்று அத்தொழிலாளியை வினவுகிறார். ஆம் என்று அவர் கூறியதும் வாக்கு நிறைவேறியதாகி வழக்கு முடிகிறது. நாட்டுப்புறக் கதையின் சாயல் கொண்ட இந்நிகழ்ச்சியை இலக்கிய வரலாற்றாசிரியர் நகைச்சுவை என்ற அளவில் கடந்துவிடுவர். சட்ட நோக்கில் இது ஓர் ஒப்பந்தச் சொல்லின் பொருள்வரையறை பற்றிய வழக்கு. அளவு குறிக்காத ஒரு சொல்லை வாக்குறுதியில் வைத்தால் நேரும் கேடும், சொல்லின் எல்லைக்குள்ளேயே நின்று அதனைத் தீர்க்கும் வழியும் இதில் காட்டப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளராகவும் முன்சீப்பாகவும் இருந்தவரின் கைத்திறம் இது.

இரண்டாவது, புதினத்தின் பிற்பகுதியில் நாட்டுமொழிகள் பற்றி இடம்பெறும் உரை. நாட்டின் மொழி தமிழாக இருக்க, நீதிபதி, வழக்கறிஞர், கட்சிக்காரர் அனைவரும் தமிழராக இருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நிகழ்வதன் பொருந்தாமையை அது சாடுகிறது. இக்கண்டனம் ஆங்கில மொழியின்மேல் எழுந்தது அன்று. வேதநாயகரே அம்மொழியால் உயர்ந்தவர். தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பதை அறியும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு என்பதே அதன் உட்கிடை. 1862இல் தொகுப்பு நூலால் செய்ததை 1879இல் அவர் கதையால் வாதிட்டார். இரண்டுக்கும் இடையில் தொடர்ச்சி உண்டு.

6. இரு நீதிபதிகள், ஒரு வினா

வேதநாயகரோடு ஒப்பிடத்தக்கவர் ஜே. எச். நெல்சன். சென்னை ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஆங்கிலேயரான இவர் 1868இல் மதுரைச் சீமை பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். 1877இல், சென்னை உயர் நீதிமன்றம் செயற்படுத்திய இந்துச் சட்டத்தைக் கடுமையாகத் திறனாய்ந்து மற்றொரு நூல் எழுதினார். வடமொழிச் சாத்திரங்களை அறிந்தேயிராத தென்னாட்டு மக்கள்மீது அவற்றின் பெயரால் ஒரு சட்டம் சுமத்தப்படுகிறது என்பது அவருடைய வாதம். மக்களின் வழக்காறு மன்றத்தில் மறைந்துபோவதை அவர் கண்டார்.

இருவரும் ஒரே நீதிமுறையின் இரு நிலைகளில் இருந்தவர்கள். இருவரும் மன்றத்துக்கும் மக்களுக்கும் இடையிலான பிளவை உணர்ந்தவர்கள். நெல்சன், சட்டத்தின் உள்ளடக்கம் மக்களுடையதா என்று வினவினார். வேதநாயகர், சட்டத்தின் மொழி மக்களுடையதா என்று வினவினார். நெல்சன் ஆங்கிலத்தில் ஆங்கிலேயரை நோக்கி எழுதினார். வேதநாயகர் தமிழில் தமிழரை நோக்கி எழுதினார். எனினும் வேதநாயகரின் முயற்சிக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் கூறுதல் வேண்டும். தீர்ப்பு தமிழில் கிடைத்தாலும், அதன் அடிப்படை பொருந்தாததாயின், அதனைத் தெளிவாக அறிவதாலேயே குறை தீர்ந்துவிடாது. அதே வேளையில், அறியப்படாத ஒன்றைத் திறனாயவும் இயலாது. மொழிபெயர்ப்பு திறனாய்வுக்கு முந்திய படி.

அலுவலுக்கு வெளியிலும் அவருடைய பொதுவாழ்வு தொடர்ந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் அவர் ஆற்றிய உதவியைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். கத்தோலிக்கரான அவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர்மீது செய்யுள்கள் இயற்றினார். 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை வெளியிட்டார். 1887இல் ‘சுகுண சுந்தரி சரித்திரம்’ வந்தது. 1889 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.

7. முடிவுரை

இவ்வாய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, வேதநாயகரின் உரைநடை ஆங்கிலப் புதின வாசிப்பால் மட்டும் தோன்றியதன்று. கால் நூற்றாண்டு நீதிமன்ற எழுத்துப் பயிற்சி அதன் முதன்மை ஊற்று. இரண்டு, ‘சித்தாந்த சங்கிரகம்’ அவருடைய நூற்பட்டியலின் ஓரத்தில் நிற்பதன்று. பண்டிதரின் இடத்தை முன்தீர்ப்பு பிடித்த காலத்தில் அம்முன்தீர்ப்பைத் தமிழாக்கிய வரலாற்றுச் செயல் அது. மூன்று, நீதிமன்ற மொழி பற்றிய அவருடைய கொள்கை தம் பணியனுபவத்தின் முடிபு.

அவர் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை. அரசமைப்பின் 348ஆவது உறுப்பு உயர் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு ஆங்கிலத்தையே மொழியாகக் கொள்கிறது; அதன் இரண்டாம் உட்பிரிவு மாநில மொழிக்கு இடமளிக்கும் வழியைக் கூறுகிறது. அவ்வழியில் தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் வெளியிடப்படுகிறது. ஒரு முன்சீப் 1862இல் தம் ஓய்வு நேரத்தில் தொடங்கிய பணியை நீதி நிறுவனமே மேற்கொள்ள ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

காரைக்காலும் தரங்கம்பாடியும் இன்று ஒரே உயர் நீதிமன்றத்தின் ஆளுகையில் உள்ளன. 1962இல் புதுச்சேரிப் பகுதிகள் இந்திய ஒன்றியத்தோடு சட்டப்படி இணைந்தபின், தருமபுரத்தில் எழும் வழக்கும் மாயூரத்தில் எழும் வழக்கும் மேல்முறையீட்டில் சென்னையையே அடைகின்றன. முன்னாளைய எல்லைகள் அழிந்தன, மொழியெல்லை நிற்கிறது. சதர் அதாலத்துத் தீர்ப்புகளின் ஆங்கில மூலத்தோடு ‘சித்தாந்த சங்கிரக’த்தை வரிக்கு வரி ஒப்பிட்டு அதன் கலைச்சொற்களைத் தொகுக்கும் ஆய்வு, இலக்கிய வரலாற்றுக்கு மட்டுமன்றி, இன்றைய சட்டத்தமிழ் ஆக்கத்துக்கும் உடனடியாகப் பயன்படும். தமிழ்த்துறைகளும் சட்டத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி அது.